எண்பதாம் நம்பர் ஜெட்

தெருவில் ஒரு வண்டி தும்மியது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணை மூடியிருந்தேன். முதலில் ஒரு தும்மல். வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் இன்னொன்று. கார்புரேட்டரின் வாய் வழியாகத் திருப்பி அடிக்கிற அந்த வறண்ட சத்தம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எழுந்திருக்க எனக்கு இஷ்டமில்லை. இருபத்தொரு வருஷம் எழுந்தாயிற்று. இருந்தும் கால் தானாகத் தரையைத் தேடியது. ஜன்னலுக்குப் போவதற்குள் வண்டி லாஸ்பேட்டைப் பக்கம் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓட்டுவார். பிறகு யாராவது ஒரு ஸ்க்ரூவைத் திருகி, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்புவார்கள். நின்ற இடத்தில் சரியாகத்தான் இருக்கும்.

போன வாரம் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். பழைய பிரெஞ்சு வண்டிகளில் கடைசியாக நின்றதையும் ஏலத்தில் தள்ளிவிட்டார்களாம்.

"அந்தக் காலத்துல கார்புரேட்டர் எப்படி செட் பண்ணுவீங்க? அந்த ரகசியத்த எழுதிக் குடுங்கண்ணே," என்றார் ஒருவர்.

"அண்ணன் காதாலேயே டியூன் பண்ணுவாராம்ல," என்றார் மற்றவர்.

ரகசியம் ஒன்றும் கிடையாது என்றேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். காதால் டியூன் செய்தவர் ஒருவர் இருந்தார். அது நான் இல்லை. என் வலது கண்ணில் படலம் விழுந்து, பிளக்கின் நிறம் எனக்குப் பிடிபடாமல் போனபோது, ஐம்பதுக்கு முன்னாலேயே எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். நியாயம்தான். பழுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு அங்கே என்ன வேலை? அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்த காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மலருக்கு ஆகாது என்று தோன்றினால் அவர்கள் விட்டுவிடலாம்.

கற்றுக்கொண்ட வருஷங்களை நீட்டி எழுத ஒன்றுமில்லை. அப்பா பஞ்சாலையில் இருந்தார். பஞ்சு அவர் மார்பில் ஏறி இருமலாய் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வாசல் வேண்டாம் என்று ஒரு தனியார் பட்டறையில் சேர்ந்தேன். ஸ்பானர் பிடித்தேன், திட்டு வாங்கினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அந்த ஆண்டில், எனக்கு இருபத்தேழு வயதில், சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைத்தது. கொடி மாறினாலும் உள்ளே பேச்சு மாறவில்லை. தலைவரை 'ஷெஃப்' என்பார்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற துளைத் திருகான ஜெட்டை 'ழிக்ளேர்' என்பார்கள். ஐயா என்பது 'முசே', அம்மா என்பது 'மதாம்'. காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கத்துக்கு 'போன்ழூர்'. அதைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் நல்ல தமிழில் வைவார்கள்.

ஷெஃப் எங்களுக்கு முசே அந்துவான். நம்மூர்க்காரர்தான், தமிழ்தான். அவர் குடும்பத்தில் இரண்டு தலைமுறை பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கிரீசுக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்பார். மாலையில் அந்தக் கால்சட்டை காலையில் போலவே வெள்ளையாக இருக்கும். எப்படி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வண்டியை அவர் முதலில் தொடமாட்டார். ஓட்டி வந்தவரைத்தான் பிடித்துக்கொள்வார்.

"வண்டிக்கு என்னா?"

"புகையா வருது முசே."

"எப்போ?"

"எப்பவுமே வருது."

"எப்பவுமேன்னு ஒரு நேரம் கடிகாரத்துல இல்ல. காலைல உதைக்கும்போதா? சூடான பிறகா? மேடு ஏறும்போதா?"

ஆள் திணறுவார். "மேட்டுல தான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காத. போய் ஏறிப் பார்த்துட்டு வா."

உண்மையாகவே அனுப்பிவிடுவார். இந்த ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் மேடு. ஆள் முனகிக்கொண்டே போய்த் திரும்பி வந்து பதில் சொல்வார். அந்தப் பதிலில் பாதி ரிப்பேர் முடிந்திருக்கும். மேட்டில் மட்டும் கறுப்புப் புகை என்றால் பெரிய ஜெட்டில் பெட்ரோல் அதிகம். நிற்கும்போது மட்டும் இடறி அணைகிறது என்றால் சின்ன வழியில் அடைப்பு. திடீரென்று கை கொடுத்து முறுக்கினால் தும்முகிறது என்றால் எங்கோ காற்று திருடிக்கொண்டு உள்ளே போகிறது. அதைக் கண்டுபிடிக்க, ஓடுகிற எஞ்சினில் கார்புரேட்டர் பொருந்துகிற இடத்தைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். எங்கே எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டுச் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை.

ஸ்க்ரூவைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். எங்களையும் கழுவச் சொல்வார். வழுக்குகிற விரலுக்குக் கால் திருப்பம் தெரியாது என்பது அவர் கணக்கு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுவார். எஞ்சின் மூச்சு முட்டுகிற இடம் வரும். அங்கிருந்து வெளியே திருகுவார். அந்தப் பக்கமும் ஒரு முட்டல் வரும். இரண்டு முட்டலுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே சத்தம் உருண்டையாகும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இங்க," என்பார். அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஜெட்டையும் ஊசியையும் ஒரே தடவையில் மாற்றியவனை ஒருமுறை வெளியே நிற்கவைத்தார், வெயிலில், பன்னிரண்டு மணிக்கு. "எது உனக்கு வழி காட்டுச்சு? இதுவா, அதுவா? தெரியாதுல்ல? அப்ப நீ ரிப்பேர் பண்ணல, சீட்டாடின."

ஆனால் அவர் வழக்கங்களில் பெரியது சாட்சி.

கார்புரேட்டர் வேலை செய்தவனே வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். தெருவைச் சுற்றிவிட்டு வந்து நிற்பதல்ல. வண்டிக்குரியவர் தினம் போகிற வழியில், அவர் போகிற தூரம். அந்த வழியில் நல்ல நேரான இடமாகப் பார்த்து ஒரு கிலோமீட்டர் முழுக் கை கொடுத்து ஓட்ட வேண்டும். ஓடுகிற வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருண்டு நிற்கிற இடத்தில் இறங்கி, பிளக்கைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக்கொள்ள வேண்டும். வேறு பிளக் போட்டுத் திரும்ப வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் அந்த மெது ஓட்டம் பிளக்கின் மேல் வேறு நிறம் பூசிவிடும்; சாட்சி கெட்டுவிடும். காகிதத்தைப் பிரித்து ஷெஃப் மேசையில் வைப்போம். கரி போல இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் குறைவு. கொதித்து இறங்கிய டீத்தூள் நிறத்தில் இருந்தால், தலையை ஒருமுறை அசைத்துக் கையெழுத்துப் போடுவார்.

"நின்ன எடத்துல எல்லா வண்டியும் யோக்கியம்தான். ரோட்டுல என்னா சொல்லுதுன்னு கேக்கணும்," என்பார்.

இப்போது மதாம் திரேசைச் சொல்ல வேண்டும்.

மதாம் திரேஸ் சர்க்கார் பிரசவத் தாதி. நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. கேரியரில் கறுப்புத் தோல் பை, அதன் மேல் குறுக்கே கட்டிய குடை. ஆற்றுக்குத் தெற்கே அரியாங்குப்பம், வீராம்பட்டினம், நோணாங்குப்பம், இன்னும் உள்ளே நாலைந்து ஊர்கள் அவர் பொறுப்பு. அந்த ஊர்களுக்குப் போக பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொடுத்த சின்ன வண்டி ஒன்று இருந்தது. குறுக்குத் தண்டு இல்லாத, புடவையோடு ஏறக்கூடிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டிய ரகம். அந்தத் தெற்கு ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் யார் வீட்டில் வலி எடுத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் வெளியே வருவார்களாம். அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த வண்டி கறுப்பாகப் புகைந்து பாதி வழியில் நிற்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றில் அரித்து அடைபட்ட ஜெட்டை யாரோ இரும்புக் கம்பியால் குத்திக் குத்தித் துளையைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஜெட்டின் தலையில் எண்பது என்ற எண் மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

புது ஜெட் வேண்டும். பிரெஞ்சுச் சாமான் கப்பலில் வருவது நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. மதராசிலிருந்து வருவதெல்லாம் இங்கிலீஷ் சாமான். அதற்கு நடுவே புதிதாக ஓர் உத்தரவு வேறு: சாமான் கிடைக்காத பிரெஞ்சு வண்டிகளைப் பட்டியல் எடுத்து, ஓடத் தகுதி உள்ளவை எவை, கழிக்க வேண்டியவை எவை என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஷெஃப் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அது ஆபீசுக்குப் போக வேண்டும்.

மதாம் இரண்டு நாள் முன்பே வந்து நின்றார்.

"உங்க முசே வண்டிக்கு வைத்தியம் பார்க்கறாரா, ஜாதகம் பார்க்கறாரா? எத்தினி நாளு தம்பி?"

"ஜெட் இல்ல மதாம். வேற வாங்கியிருக்கோம்."

"இந்த லிஸ்ட்டுல என் வண்டி கழிவுக்குப் போச்சுன்னா என்னா ஆகும் தெரியுமா? என்னைக் கொண்டு போய் ஆஸ்பத்திரி வார்டுல உக்கார வச்சுடுவாங்க. அந்தாண்ட இருக்கறவளுங்க யாருக்குச் சொல்லி அனுப்புவாளுங்க? மாட்டு வண்டி கட்டி இங்க வர்றதுக்குள்ள பாலத்து மேலயே பெத்துடுவாளுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எப்படியாச்சும் பாஸ் பண்ணிடு தம்பி."

எப்படியாவது. அந்தச் சொல்லை நான் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

இங்கிலீஷ் ஜெட்டுகளில் எண்பது என்று குறித்த ஒன்றை எடுத்தேன். மரை வேறு, கடைசல்காரரிடம் கொடுத்து மாற்றி வாங்கினேன். பழையது எண்பது, புதியதும் எண்பது. எனக்குச் சந்தேகமே எழவில்லை. எண்பது என்றால் எண்பதுதானே? பொருத்தினேன். கை கழுவி, ஸ்க்ரூவை வைத்தேன். வெல்லப் பாகு மாதிரி சத்தம் இறங்கி நின்றது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாட்சி எடுக்கக் கிளம்பினேன்.

ஆடி மாதம் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. அரியாங்குப்பம் பாலத்தை நெருங்கும்போதுதான் தெரிந்தது. வீராம்பட்டினத்து அம்மனுக்குத் தேர். மாட்டு வண்டி, குதிரை வண்டி, தலையில் மூட்டை, தோளில் குழந்தை, கரும்பு, பலூன், மஞ்சள் புடவை. ரோடு என்று ஒன்று இல்லை, ஜனம்தான் இருந்தது. வண்டியைக் காலால் தள்ளிக்கொண்டும், கால் பங்கு கை கொடுத்துக்கொண்டும் பாலத்தின் பாதி வரை போனேன். ஒரு பெரியவர் என் முன்சக்கரத்தை உள்ளங்கையால் தடுத்து, "இன்னாப்பா, அம்மனை முந்தப் போறியா?" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் கூட்டம். ஊர்ந்துதான் வந்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தெரு முன்னால் நிறுத்தி, பிளக்கைக் கழற்றினேன். அருமையான டீத்தூள் பழுப்பு. இருக்காதா? மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது சின்ன வழியில். பெரிய ஜெட் வாயையே திறந்திருக்காது. நான் பொருத்திய ஜெட்டைப் பற்றி அந்தப் பிளக்குக்கு ஒன்றும் தெரியாது. இது அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரியும். கண் நன்றாக இருந்த காலம்.

வேறு ரோட்டில் போயிருக்கலாம். விழுப்புரம் ரோடு காலியாகத்தான் கிடந்திருக்கும். வெயில். பசி. மணி இரண்டு ஆகிவிட்டது. சத்தம் நன்றாக இருக்கிறது. எண் சரியாக இருக்கிறது. இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன். முசே பிளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எதுவரைக்கும் போன?"

"நோணாங்குப்பம் வரைக்கும் முசே."

"முழுக் கை?"

"முழுக் கை."

சர்ச்சுக்குப் போகிறவர், அம்மன் தேர் எந்த வெள்ளி என்று எங்கே தெரிந்திருக்கப்போகிறது என்று எண்ணினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். தலையை அசைக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தத் தலை அசையாததை அன்று நான் கவனிக்கவில்லை. வருஷக்கணக்காகப் பின்னால் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மதாம் வந்தார். வண்டியில்தான் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"என்னா மந்திரம் போட்ட தம்பி? முன்னவிட வேகம். பாலத்துல ஏறும்போது பாடுது தெரியுமா? மெல்லிசா, விசில் மாதிரி."

பெட்ரோல் குறைந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் சாகுமுன் நன்றாக ஓடும். கூர்மையாக, லேசாக, பாட்டு மாதிரி. பெட்ரோல் குறைந்தால் அதோடு கலந்து வருகிற எண்ணெயும் குறையும். சூடு ஏறும், பிஸ்டன் விரியும். இதெல்லாம் முசே ஒருமுறை கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னது. "விட்டுட்டுப் போங்க மதாம், ஒரு தடவை பார்த்துடறேன்," என்று சொல்ல வாய் திறந்தேன். விட்டால் மறுபடி சாட்சி எடுக்க வேண்டும். வெளுத்த பிளக்கை மேசையில் வைக்க வேண்டும். முதல் பிளக் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

"மெதுவாப் போங்க மதாம்," என்றேன்.

"வலி எடுத்தவ மெதுவாவா கத்தறா?" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே உதைத்துக் கிளம்பினார்.

அதற்கு நான்காம் நாள் காலை, நோணாங்குப்பத்துக்கு முன்னால் நேரான ரோட்டில், முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. மதாம் பையோடு தூரப் போய் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முசே கை கழுவினார். பிளக்கை அவரே கழற்றினார். சுண்ணாம்பு வெள்ளை, நுனியில் ஊசிமுனை அளவு உருகிய அலுமினியப் பொட்டுகள். சிலிண்டரைத் தூக்கினார். பிஸ்டனின் பக்கவாட்டில் பூனை பிராண்டியது போல நெடுகக் கோடுகள். காற்று திருடுகிறதா என்று ஒவ்வொரு பொருத்தாகப் பார்த்தார், இல்லை. மிதவையின் மட்டத்தை அளந்தார், சரி. கடைசியில் ஜெட்டைக் கழற்றி வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தார். கழிவில் கிடந்த வேறொரு பிரெஞ்சு வண்டியிலிருந்து கெடாத எண்பதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். கடிகாரக் கடையில் வாங்கி வந்த, நுனி மெலிந்து அடி பருத்த எஃகு ஊசியைப் பிரெஞ்சுத் துளையில் இறக்கி, நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்தார். பிறகு இங்கிலீஷ் துளையில் இறக்கினார். ஊசி முன்னாலேயே நின்றுவிட்டது; துளை சின்னது. கொஞ்சம்தான். ஓர் அரிசி நீளம்.

"ரெண்டும் எண்பதுதான் முசே," என்றேன்.

அவர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்தார். "பிரெஞ்சுக்காரன் துளையோட அகலத்த வச்சுப் போட்ட நம்பர் இது. இங்கிலீஷ்காரன் ஒரு நிமிஷத்துல எவ்ளோ ஒழுகுதுன்னு பார்த்துப் போட்ட நம்பர் அது. அவன் அளக்கறது வேற, இவன் அளக்கறது வேற." ஊசியைக் காகிதத்தின் மேல் வைத்தார். "நானும் நம்பரைத்தான் பார்த்திருப்பேன். ரோட்டுல வெளுத்திருக்கணுமே... பிளக் வெளுத்திருக்கணும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் யாரோ சுத்தியலால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டல் நின்றதும் சொல்லலாம் என்று இருந்தேன். நின்றது. சொல்லவில்லை.

அன்று மாலை அவர் எழுதிய அறிக்கையில் என் பெயர் இல்லை. 'ஜெட் தவறானது, சோதித்துக் கையெழுத்திட்டது நான், ஓட்டியவர்மேல் குற்றமில்லை' என்று தன்மேல் போட்டு எழுதியிருந்தார், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அவரை எடுத்து டயர் கிடங்குக்குப் போட்டார்கள். வெள்ளைக் கால்சட்டையோடு அங்கேயும் நின்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு கார்புரேட்டரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் என்ன செய்தேன்? ஒரு தகர டின்னின் அடியில் மரை வெட்டி, வந்த ஒவ்வொரு இங்கிலீஷ் ஜெட்டையும் அதில் முடுக்கி, பெட்ரோலை ஒரே மட்டத்தில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு எவ்வளவு ஒழுகுகிறது என்று அளந்தேன். பிரெஞ்சு ஜெட்டையும் அப்படியே. இந்த எண்ணுக்கு அந்த எண் என்று சுவரில் பெயின்டால் எழுதினேன். வெள்ளை அடிக்கும் வரைக்கும் அது அங்கே இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பெயர் வந்தது. "தேவராசு அண்ணன் போட்ட டேபிள்" என்று நீங்களெல்லாம் சொன்னது அதைத்தான்.

மதாமின் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. குழந்தையின் தலையைத் திருப்புகிற கை அது. அவர் பயந்தபடியே வார்டில் உட்காரவைத்தார்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற வேலை, அதையும் இடது கையால் பழகிக்கொண்டார். வழியில் பார்த்தால் நின்று பேசுவார். "நீ நல்லாத்தான் வேலை பார்த்த தம்பி. உங்க முசே கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். கால்சட்டை அழுக்காகாம இருந்தாப் போதுமா?" ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் பண்டிகைக்கு எனக்குக் கேக் கொடுத்தனுப்புவார். நாலு நத்தார். நாலு தடவையும் சாப்பிட்டேன்.

இரண்டு சர்க்காருக்கும் நடுவே ஒப்பந்தக் காகிதங்கள் எல்லாம் முடிந்து, யார் எந்தத் தேசம் என்று எழுதிக் கொடுக்க வேண்டி வந்த ஆண்டில், முசே அந்துவான் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு தம்பி இருந்தார்.

அவர் போன அடுத்த வாரம் மதாம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்களையில் இடது கையால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கத்தி நின்றது. "முசே போயிட்டாரா?" என்றார். போய்விட்டார் என்றேன். "அவரை நான் என்னென்னா பேசினேன்," என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வரவுமில்லை. அதற்குப் பிறகு கேக் வரவில்லை.

மதாமிடம் போகச் சொன்னவர் முசேதான். அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். விழுப்புரம் போகும் காலை வண்டி. அவர் மனைவி உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முசே ஜன்னலோரம் நின்றார், அதே வெள்ளை. நாங்கள் வெயிலைப் பற்றிப் பேசினோம். மழையைப் பற்றிப் பேசினோம். எஞ்சின் ஊதியது.

"முசே, அந்தப் பிளக்... நான் பாலத்தோட திரும்பிட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்குத் தேர். இவளுக்கு வருஷா வருஷம் அந்தத் தேர் பார்க்கணும். காலைல நான்தான் குதிரை வண்டி பிடிச்சு ஏத்தி அனுப்பினேன். பாலம் தாண்ட ரெண்டு மணி நேரமாச்சுன்னு வந்து சொன்னா. அத அவ சாயங்காலம் சொன்னா. எனக்குக் காலைலயே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் முசே கையெழுத்துப் போட்டீங்க?"

"மணி ரெண்டரை. வண்டி பாஸ் ஆவணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு. நீ கொண்டாந்த பொய் எனக்கும் தேவைப்பட்டுச்சு." கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தார். "மதாம்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல முசே."

"நானும் சொல்லல. நீ இங்கதான இருக்கப்போற, நீ சொல்லு."

வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் குனிந்து, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"இப்ப சாட்சிய நீதான பார்க்கற. நல்ல நெறமா ஒருத்தன் கொண்டாந்து வச்சான்னா, எந்த வழியாப் போனேன்னு திருப்பிக் கேளு தேவராசு. நான் திருப்பிக் கேக்கல."